நீ செய்த காகித அடுப்பு

உன் கடிதத்தைத் தோட்டத்து ஆபீசில் வாங்கி, கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்று வாசித்தேன், பாப்பா. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, நோட்டன் பிரிட்ஜில் மழை குறைந்திருக்கிறது, உன் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்பதெல்லாம் வாசிக்க மனசுக்கு நிம்மதியாக இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். என் பேத்தி உன் பாடக்குறிப்புக் கொப்பியின் அட்டையையும் நாலு தாளையும் வெட்டிவிட்டாள், கையில் இரண்டு போட்டேன், கத்திரிக்கோலைப் பிடுங்கி அலுமாரி மேல் வைத்துவிட்டேன், பெரியவளாகும்வரை இனி அதை அவள் கண்ணாலும் காணமாட்டாள் என்று எழுதியிருக்கிறாய். கோபத்தில் எழுதிய எழுத்து. பேனா முள் தாளைக் கீறியிருக்கிறது. ஆனால் வெட்டி எடுத்து அவள் என்ன செய்தாள் என்று ஒரு வரி இல்லை. தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

அதற்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். நீ ஆசிரியை. பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள், கோபிக்கமாட்டேன். கடைசிவரை வாசி. வாசித்த பிறகு பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு. மாப்பிள்ளை கேட்டாலும் கேட்கட்டும், பக்கத்து வீட்டார் கேட்டாலும் கேட்கட்டும். பதினாறு வருசமாக உன்னிடம் நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

நீ பதினொரு வயதுப் பிள்ளை அப்போது. வெள்ளைக்காரன் கொடி இறங்கி ஒரு வருசமோ இரண்டு வருசமோ ஆகியிருந்தது. கொடி இறங்கினாலும் நம் தோட்டத்துத் தொரை வெள்ளைக்காரர்தான். றொசல்லைக்கு மேலே, வரிசையாக ஒட்டிக் கட்டின நம் லயத்தில் நடுக்காம்பரா நமக்கு. ஜன்னல் கிடையாது, ஒரே கதவு, மூலையில் அடுப்பு. ஆடி மழை பிடித்தால் கவ்வாத்து வெட்டிப் போட்ட மிலாறு எல்லாம் நனைந்துவிடும். அந்தத் தேயிலைக் குச்சி எரிவது கொஞ்சம், புகைவது நிறைய. புகை கூரைத் தகரத்தில் முட்டித் திரும்பி நம் தலைமேல் இறங்கும். தரையோடு தரையாகக் குனிந்துதான் ரொட்டி சுடுவேன். உன் தம்பிக்கு எட்டு மாதம். இரண்டு கிழமையாக இருமல். இருமி இருமி முகம் நீலம் பாய்ந்துவிடும். டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுத்துவிட்டு, "பிள்ளையைப் புகையில வைக்காத" என்றார்கள். வெளியே மழை, உள்ளே புகை. பகலில் நான் மலைக்குப் போகும்போது விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவிலும் ஆயா பால் காய்ச்சுகிற அடுப்பு அதே போலத்தான் புகையும். எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உன் அப்பாவுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, தேயிலை காயவைக்கிற பெரிய அடுப்புக்கு விறகு போடுவது. நீதான் தினமும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவாய். ஒரு நாள் திரும்பி வந்து, சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாய். "ஏம்மா, ஸ்டோர்ல இம்மாம் பெரிய அடுப்பு எரியுது, உள்ள அப்பா கண்ணு செவக்கவே இல்ல. நம்ம அடுப்பு இத்துனூண்டு. நமக்கு மட்டும் ஏம்மா இம்புட்டு பொக?"

"அது தொரையோட அடுப்பு. இது நம்ம அடுப்பு. போயி தண்ணி எடுத்துட்டு வா" என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான். உனக்கு அது போதவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு பத்து நாள் நீ என்னென்னவோ பொறுக்கினாய். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற ஈயத்தாளின் கிழிசல்களை ஸ்டோருக்குப் பின்னால் குப்பையில் கொட்டுவார்கள். அதைச் சேர்த்து, தொடையில் வைத்துத் தேய்த்துச் சுருக்கம் நீக்கினாய். பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா வாசலில் நின்று, "என்னாடி, ஒம் மக தாள்ல சோறாக்கப் போறாளாமே? எனக்கும் ஒரு கவளம் எடுத்து வைக்கச் சொல்லு" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு சாயங்காலம் மலையிலிருந்து வந்து தகரப்பெட்டியைத் திறந்தால், என் ஐந்தாம் வகுப்புக் கொப்பி அட்டையில்லாமல் கிடக்கிறது. உள்ளே ஐந்தாறு தாள் இல்லை. கடைசிக் கணக்குக்கு வாத்தியார் சிவப்பு மையில் "நன்று" என்று எழுதிக் கொடுத்த தாளும் இல்லை. எங்கள் லயத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான், பாப்பா. அதற்கு எனக்கிருந்த அத்தாட்சி அந்த ஒரு சொல். பிறகு மாக்குவளையைப் பார்த்தேன். ஒரு பிடி கோதுமை மாவும் குறைந்திருந்தது. பசை காய்ச்சியிருக்கிறாய்.

கரண்டிக் காம்பால் அடித்தேன். எத்தனை அடி என்று எனக்கு நினைவில்லை, உனக்கு இருக்கும். கத்திரிக்கோலைப் பிடுங்கிப் பரணில் எறிந்தேன். என்ன செய்தாய் என்று நானும் கேட்கவில்லை. நீ அழுதுகொண்டே கட்டிலுக்கு அடியில் போனாய். ஒளிந்துகொள்ளப் போகிறாய் என்று நினைத்தேன். தாளில் செய்த ஒரு குட்டி அடுப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாய். விசும்பல் நிற்காமலே ஒரு மெழுகுவர்த்தித் துண்டைப் பற்றவைத்து அதற்குள் வைத்தாய். ஒரு ஊதுபத்தியை அதன் வாய்க்கு நேரே பிடித்தாய். மேலே போய்க்கொண்டிருந்த புகை சட்டென்று வளைந்தது. யாரோ கையைப் பிடித்து இழுத்தது போல அந்தச் சின்ன அடுப்பின் வாய்க்குள் நுழைந்து, பின்பக்கம் ஏறி, புகைக்கூண்டின் உச்சியில் நூலாக வெளியே வந்தது. நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தேன். "திருப்பிக் காட்டு" என்றேன். காட்டினாய். ஏழு தடவை காட்டச் சொன்னேன். எட்டாவது தடவை ஊதுபத்தி தீர்ந்துவிட்டது.

அதை நீ செய்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அதிசயமாக இருக்கிறது. நம் அடுப்பைக் கைச்சாணால் அளந்திருக்கிறாய். ஒரு சாணுக்கு ஒரு தீக்குச்சி நீளம் என்று வைத்து அட்டையில் கோடு போட்டிருக்கிறாய். மடிக்கிற இடத்தைக் கொண்டை ஊசியால் கீறிவிட்டு மடித்ததால் மூலை ஒவ்வொன்றும் செதுக்கினது போல நின்றது. ஒட்டுவதற்கென்று ஓரத்தில் சின்னச் சின்ன நாக்கு விட்டு வெட்டியிருந்தாய். தாள் தீப்பிடிக்காமல் இருக்க உள்ளே முழுக்க ஈயத்தாள். மேலே ஒரு காகிதச் சட்டி, வாயில் மூன்று காகித மிலாறு. முதலில் செய்த கூண்டு கட்டை, அதனால் புகை திரும்பி வந்தது என்றாய். அதன் மேலே இன்னொரு துண்டு ஒட்டினாய், பாதி போனது. இன்னும் ஒன்று ஒட்டினாய், முழுதும் போனது. "கூண்டு ஒசரமா இருந்தா பொக ஓடுதும்மா. கட்டையா இருந்தா சோம்பேறியா திரும்பி வருது" என்று சொன்னாய். ஒருவரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. என்னிடம் கேட்டாய், நான்தான் தண்ணி எடுக்க அனுப்பிவிட்டேனே.

உன் அப்பா பார்த்தார். ரொம்ப நேரம் குந்தியிருந்து பார்த்தார். ஸ்டோர் அடுப்பும் இப்படித்தான் இழுக்கும் என்றார். நம் லயத்துக்கும் இப்படி ஒரு கூண்டு கேட்டால் என்ன என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஏய் புள்ள, இது தோட்டத்து லயம். கூரையில ஓட்ட போடணும்னு தொரைகிட்ட போயி நின்னா, மறுநாளே பத்துச்சீட்டக் கைல குடுத்து அனுப்பிருவான். மூட்டய கட்டிக்கிட்டு மழையில எந்த றோட்டுல நிக்கிறது? இந்தப் புள்ளய வச்சிக்கிட்டு?" என்றார். அவரைக் கோழை என்று நினைத்துவிடாதே. எங்கள் காலத்து ஆண்களுக்கு அந்தச் சீட்டுதான் பயம். அது கைக்கு வந்தால் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. மடியில் கிடந்த தம்பி அப்போது இருமினான். "நான் போறேன்" என்று சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அதைக் கொண்டுபோவது என்று முடிவாகிவிட்டது. அன்று இருட்டும் நேரத்தில் நீ பீலிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாய். தொட்டுப் பார்த்தேன், பசை ஈரமாக இருந்தது போலப் பட்டது. மழைக்காலத்தில் நனையக் கூடாததை எல்லாம் நம் ஆட்கள் எங்கே வைப்போம்? அடுப்புக்கு மேலே பரணில்தான். கம்பளி, உப்பு, தீப்பெட்டி, பிள்ளைகளின் பிறப்புச் சீட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். உன் காகித அடுப்பையும் அங்கே தூக்கி வைத்தேன், நல்லது செய்கிற நினைப்பில். நீ வந்து எங்கே என்று கேட்டபோது, "பத்திரமா இருக்கு" என்றேன். விடிகாலையில் எடுத்துப் பார்க்கிறேன், சூட்டில் ஈயத்தாள் ஒரு பக்கம் இழுக்க, அட்டை ஒரு பக்கம் இழுக்க, கூண்டு அடியில் பிளந்து கழுத்துச் சுளுக்கினது போலச் சாய்ந்து நிற்கிறது. விரலால் அழுத்திவிட்டேன், நின்றது போல இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு நடந்தேன். நீ பின்னாலேயே வந்தாய்.

மழைக்கு ஒதுங்கி ஸ்டோர் வராந்தாவில் பெரட்டு. பெயர் கூப்பிட்டு முடித்ததும் வரிசையிலிருந்து வெளியே வந்து நின்றேன். பொம்பளை ஆள் வரிசையை விட்டு வெளியே வந்து அதுவரை நான் பார்த்ததில்லை. எங்களை வேலை வாங்குகிற கண்டாக்கையா குடையைச் சுருக்கிக்கொண்டு, "என்னா, ஒனக்கு மட்டும் தனிப் பெரட்டா?" என்றார். தொரை என்னைப் பார்த்தார். கம்பளியை விலக்கி அதை வராந்தாத் திட்டில் வைத்தேன்.

"இது என்னா?" என்றார் தொரை.

"அடுப்புங்க தொரை. பொக போற அடுப்பு. எம் மக செஞ்சது. லயத்துல புள்ளைங்களுக்கு இருமலுங்க."

மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தேன். ஊதுபத்தியை வாய்க்கு நேரே பிடித்தேன். தொரை குனிந்து பார்த்தார். புகை உள்ளே போனது. போய், கூண்டில் ஏறாமல், போன வழியே திரும்பி வந்து நேரே தொரையின் கண்ணில் அடித்தது. அவர் இருமிக்கொண்டு நிமிர்ந்தார். பெரட்டு முழுக்கச் சிரித்தது. கண்டாக்கையா, "தப்பில்லங்க தொரை, நம்ம லயத்து அடுப்ப அச்சு அசலா செஞ்சிருக்கா" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஸ்டோர் வாசலில் உன் அப்பா விறகுக் கட்டையைக் கையில் பிடித்தபடி சிலை போல நின்றார். எனக்குப் பூமி பிளந்தால் போதும் என்று இருந்தது.

நீ யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து திட்டுக்கு முன்னால் மண்டியிட்டாய். இரண்டு விரலால் கூண்டின் கழுத்தைப் பிடித்து நிமிர்த்தி, அடியில் இருந்த பிளவை மற்றக் கையால் மூடினாய். "இப்ப பாருங்க தொரை" என்றாய். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே குனிந்தார். புகை வளைந்தது, நுழைந்தது, ஏறியது, உச்சியில் நூலாக வந்தது. நீ கையை எடுத்தாய், கூண்டு சாய்ந்தது, புகை மறுபடியும் அவர் முகத்துக்கு வந்தது. நிமிர்த்தினாய், மேலே போனது. சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதர் நம் லயத்துக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. நம் அடுப்பு எப்படி என்று அந்த வராந்தாவில் நின்றபடியே தெரிந்துகொண்டார். வீட்டு இருட்டில் புகையை மட்டுமே பார்த்திருந்த நானும் அப்போதுதான் ஒன்றைப் பார்த்தேன். கூண்டின் முன்பக்கம், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், என் வாத்தியாரின் சிவப்பு மை. "நன்று." பார்த்துப் பார்த்து அந்தத் தாளை அங்கே ஒட்டியிருக்கிறாய்.

தொரை கண்டாக்கையாவோடு இங்கிலீசில் என்னவோ பேசினார். ஒரே ஒரு அடுப்புக்கு மட்டும் கூண்டு கட்டிப் பார்க்கலாம், எந்தக் காம்பராவில் என்று அந்தப் பிள்ளையே சொல்லட்டும் என்று கண்டாக்கையா சொன்னார். நான் உன்னைப் பார்த்தேன். என் கண்ணாலேயே நம் காம்பராவைச் சொல்லு என்றேன். நீ, "புள்ளக் காம்பராவுலங்க" என்றாய்.

அதற்காக இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை நான். இதையும் ஒப்புக்கொள்கிறேன். சுமந்துபோனது நான், அவமானப்பட்டது நான், வந்த வரத்தை ஊருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று ஆத்திரம். மூன்றாம் நாள் நீயாகவே வந்து சொன்னாய். "நம்ம காம்பராவுல ராத்திரிதானம்மா தம்பி இருக்கான். அப்ப அடுப்ப அணைச்சிட்டு வாசல்ல எறவாரத்துக்குக் கீழ மூணு கல்ல வச்சி ஆக்கிக்கலாம். பகல் பூரா அங்கதான கெடக்கான்?" பதினொரு வயதில் உனக்கிருந்த கணக்கு, வாத்தியாரிடம் நன்று வாங்கிய எனக்கு இல்லை.

கூண்டு கட்ட வந்தவர் கீழே கிராமத்திலிருந்து வந்த சிங்கள மேசன் பாஸ். தொரை ஆபீசில் வாங்கி வைத்திருந்த உன் அடுப்பை எடுத்துவந்து முன்னால் வைத்துக்கொண்டார். "மே லமயாத ஹெதுவே?" என்றார், இந்தப் பிள்ளையா செய்தது என்று. நீ தீக்குச்சியை எடுத்து நீட்டி, ஒரு குச்சிக்கு ஒரு சாண் என்று காட்டினாய். அவர் சிரிக்கவில்லை. வேறு அளவுகோல் எடுக்காமல், காகித அடுப்பை உன் குச்சியாலும் சுவரைச் சாணாலும் அளந்து அளந்தே கல் வைத்தார். தம்பியின் இருமல் மாசக் கடைசியில் குறைந்தது. மற்றப் பிள்ளைகளுக்கும் குறைந்தது. மாரியாயி அக்கா தன் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து, உன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நம் லயத்துக்குக் கூண்டு வர இன்னும் மூன்று வருசம் ஆனது. மேல் லயத்துக்கு இன்றைக்கும் வரவில்லை. தொரைக்கு மாறுதல் வந்தபோது உன் காகித அடுப்பும் ஆபீஸ் மேசையிலிருந்து போய்விட்டது. அவரே கொண்டுபோனாரோ, கூட்டிப் பெருக்கினவர்கள் எறிந்தார்களோ, தெரியாது.

அன்று பெரட்டிலிருந்து திரும்பி நடக்கும்போது நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "எம் பசைதான் சரியில்லம்மா. ஒழுங்கா ஒட்டியிருந்தா அவங்க சிரிச்சிருக்க மாட்டாங்க" என்றாய். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை நீ எதைச் செய்தாலும் இரண்டு தடவை, மூன்று தடவை சரிபார்க்கிறாய். பிள்ளைகளின் கொப்பியைத் திருத்தியதும் மறுபடி திருத்துகிறாய் என்று மாப்பிள்ளை கேலியாக எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் பசையில் குற்றமில்லை, பாப்பா. உன் வேலையில் ஒரு குற்றமும் இல்லை. பரணில் வைத்துச் சுளுக்கினது நான். பயத்தில் மறைத்தேன், பிறகு வெட்கத்தில் மறைத்தேன், பிறகு பழகிவிட்டது. அந்தப் பழியை இப்போது உன் தலையிலிருந்து இறக்கி என் தலையில் வைத்துக்கொள்கிறேன். கூடை சுமந்த தலை, தாங்கும்.

ஆகவே நான் உனக்குப் புத்தி சொல்ல வரவில்லை, நான் செய்யாததை நீ செய் என்று கேட்கிறேன். உன் பாடக்குறிப்பு முக்கியம்தான். ஒரு மாதம் இருக்கிறது, நாலு தாளை மறுபடி எழுதிவிடுவாய், எழுதினால் பாடமும் மனசில் நிற்கும். ஆனால் கோபம் ஆறிய பிறகு அவளைக் கூப்பிட்டு, என்ன செய்தாய் என்று கேள். காட்டச் சொல். திருப்பிக் காட்டச் சொல். அவள் வெட்டியது கொக்கோ, குழாயோ, உன் பள்ளிக்கூடத்து மணியோ, என்னவாக இருந்தாலும் அதை எனக்கு எழுது. நான் பதில் வரும்வரை ஆபீஸ் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடித்த கையால் கத்திரிக்கோலைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். அன்று உன்னுடையதைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுக்க எனக்கு நாலு நாள் ஆனது. நீ அத்தனை நாள் எடுக்காதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும், மழை படாமல் ஈயத்தாளில் சுற்றியிருக்கிறேன். பிரித்துப் பார்த்துத் திடுக்கிடாதே. என் ஐந்தாம் வகுப்புக் கொப்பிதான். உனக்குப் போக இன்னும் இருபத்திரண்டு தாள் மிச்சம் இருக்கிறது. பழைய தாள், கெட்டி, மடித்தால் நிற்கும். அதைப் பேத்தியின் கையில் கொடு. அம்மாயி வெட்டச் சொன்னாள் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா